ராத்திரி பத்து மணிக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்

டீச்சரம்மா பதில்கள்

காலாண்டு பேப்பர் குடுத்த வாரத்துல இருந்து எனக்கு வர்ற கடுதாசில முக்காவாசி டீச்சருங்ககிட்ட இருந்துதானுங்க வருது. எல்லாரும் ஒரே சங்கதியத்தான் வேற வேற மாதிரி எழுதியிருக்காங்க, புள்ளையோட அப்பாவோ அம்மாவோ சொன்ன ஒரு வார்த்தை தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. முப்பத்திமூணு வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல இருந்தவ நான், அந்த முள்ளு எனக்கும் தெரியும். அதனால வேற கேள்வி அனுப்புனவங்க எல்லாரும் இந்த ஒரு தடவை சித்த பொறுத்துக்கங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா எழுதறேன்.

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் மிஸ். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் கொழந்தை இல்ல, ட்ரீட்மெண்ட் போயிட்டிருக்கு. போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு கிளாஸ் வாட்ஸப் குரூப்புல ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. பொண்ணு ஒரு வாரமா சோத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வர்றாளாம், கணக்குலயும் மார்க்கு கம்மியாம், "இந்த மிஸ்ஸுக்கு சொந்தமா ஒரு புள்ள இருந்திருந்தா புள்ளையோட அருமை தெரிஞ்சிருக்கும்"ன்னு சொல்லிட்டாங்க. குரூப்புல 41 பேரு. ரெண்டு பேரு கட்டைவிரல் போட்டாங்க, மீதி யாரும் ஒண்ணுமே சொல்லல. அன்னைல இருந்து தூக்கம் இல்லக்கா, கனவுல கூட அவங்களுக்கு பதில் சொல்லிட்டே இருக்கேன். அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்தா அவங்கம்மா குரல்தான் கேக்குது, அவ என்ன பாவம் பண்ணா. வேலைய உட்டறலாமான்னு இருக்கு. (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: கண்ணு, "காதுல போட்டுக்காதே, உட்டுத்தள்ளு"ன்னு இதுக்குள்ள பத்து பேராவது உன்கிட்ட சொல்லியிருப்பாங்க, நான் அதை சொல்லப் போறதில்ல. உட்டுத்தள்ற வார்த்தையா அது? கொழந்தை தள்ளிப் போற பொண்ணுக்கு நம்ம பக்கம் கல்யாண ஊட்டுல, வளைகாப்புல, கோயில் நோம்பில, போற எடமெல்லாம் இந்தப் பேச்சுதான் காத்துட்டு இருக்கும். ஒரு வளைகாப்புக்கு தலைவலின்னு சொல்லி போகாம இருந்துக்கலாம், காலைல எந்திரிச்சு ஸ்கூலுக்கு போகாம இருக்க முடியுமா. நாப்பது புள்ளைகளுக்கு நடுவுல நிக்கற அந்த எடந்தான் உனக்கு எல்லாத்தையும் மறக்க வெக்கற எடமா இருந்திருக்கும், அங்கயே வந்து சொல்லிட்டாங்க. அதுவும் குரல்ல சொல்லிட்டாங்க. எழுதுனதுன்னா அழிச்சுட்டா போச்சு, குரல் காதுக்குள்ளயே தங்கிருது. வலிக்கத்தான் செய்யும் சாமி, அதுல உன் தப்பு எதுவுமே இல்ல.

உன்ற லெட்டரை மூணு தடவை படிச்சேன். அந்தம்மா பேசுனதுல மூணு சங்கதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்குது. பொண்ணு ஒரு வாரமா சாப்பிடறதில்ல, கணக்குல மார்க்கு கம்மி, அப்பறம் உன்ற சொந்த வாழ்க்கையப் பத்தின பேச்சு. இந்த மூணாவது இருக்குதே, அது வந்து விழுந்ததும் மொத ரெண்டும் நம்ம காதுக்கே எட்டாம போயிருது. உன் லெட்டர்லயும் பாரு, சோறு திரும்பி வர்றதைப் பத்தி பாதி வரிதான் இருக்கு, பாக்கி முச்சூடும் அந்த ஒரு வார்த்தைதான். குத்தம் சொல்றதா நெனச்சுக்காதே, எனக்கும் அப்படியே நடந்ததுனாலதான் சொல்றேன்.

1992ல கோபி பக்கம் ஒரு சின்ன ஊர்ல ரெண்டே டீச்சர் இருக்கற பள்ளிக்கூடம். மூணாவது படிக்கற ஒரு பையனோட அப்பா, காட்டு வேலைக்கு போறவர், ஒரு நாள் பதினோரு மணிக்கு மம்பட்டியோட நேரா கிளாஸுக்குள்ளயே வந்துட்டாரு. புள்ளைங்க எல்லாம் பாக்கறப்ப "மூணு வருஷமா எம்பையனுக்கு ஒரு எழுத்து தெரியல, சம்பளத்தை வாங்கிட்டு சேர்ல உக்காந்து தூங்கறீங்களா டீச்சர்"ன்னு கேட்டுட்டு திரும்பிக்கூட பாக்காம போயிட்டாரு. நான் ஒரு நாளும் கிளாஸுல தூங்குனதில்லீங்க. சத்துணவு ஆயாம்மா ஓடிவந்து சொம்புல தண்ணி குடுத்தாங்க, அதை வாங்கக் கூட கை வரல. அதுக்கப்பறம் ஆறு மாசம் நான் கிளாஸுல சேர்ல உக்காரவே இல்ல. யாராவது வாசல்ல நின்னு பாத்துட்டு மறுபடி அதையே சொல்லிருவாங்களோன்னு பயம், பொழுதோட ஊட்டுக்கு போறப்ப ரெண்டு காலும் வீங்கியிருக்கும். அந்த ஆறு மாசமும் "தூங்கறீங்களா"ங்கற வார்த்தையத்தான் நான் மென்னுட்டு இருந்தேன். "ஒரு எழுத்து தெரியல"ன்னு அவர் சொன்னாரே, அதை எடுத்துப் பாக்கவே இல்ல. அடுத்த வருஷம் மாறுதல்ல வந்த ஹெச்எம் உயரத்துக்கு தகுந்த மாதிரி புள்ளைகளை மாத்தி உக்கார வெச்சாரு, இவன் குட்டையா இருந்ததுனால முன்னால வந்தான், அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, பின்னால இருந்து இவனுக்கு போர்டே தெரிஞ்சதில்லைன்னு. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி கண்ணாடி போட்டதும் நாலே மாசத்துல எழுத்துக் கூட்டி படிச்சான். அந்த மனுசன் பேசுன விதம் தப்பு, இன்னைக்கு கேட்டாலும் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா பேசுன சங்கதியில நெசம் இருந்துச்சு, அதை நான் ஒரு வருஷம் தொடாம வெச்சுட்டேன். அந்த வருஷத்தை அந்தப் பையனுக்கு என்னால திருப்பிக் குடுக்க முடியாது, இப்பவும் நெனச்சா வெசனமா இருக்கும்.

எங்கம்மா களத்துல நெல்லு தூத்தறதைப் பாத்திருக்கேன். காத்து வர்ற தெசைய பாத்து முறத்தை ஒசத்திப் புடிச்சா நெல்லு காலடியில விழும், பதர் தானா அக்கட்டால போயிரும். டீச்சருங்க நாம என்ன பண்றோம்னா நெல்லை களத்துலயே உட்டுட்டு பதரை மடியில கட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்தர்றோம். நீ நாளைக்கு மொதல்ல அந்தப் பொண்ணோட டிபன் பாக்ஸை திறந்து பாரு. சாப்பிடற நேரத்துல பக்கத்துல உக்காரு, ஒண்ணும் கேக்க வேண்டாம், சும்மா உக்காரு. ஒரு வாரமா ஒரு எட்டு வயசு புள்ள சாப்பிடலைன்னா பல்லு வலியா இருக்கலாம், பக்கத்துல உக்கார்ற புள்ள "உங்க சோறு நாத்தமடிக்குது"ன்னு சொல்லியிருக்கலாம், தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்னு பயந்து சாப்பாட்டையே உட்டுருக்கலாம் (ஸ்கூல் பாத்ரூமுக்கு பயந்து நாள் முச்சூடும் அடக்கிட்டு இருக்கற பொம்பளப் புள்ளைங்களை நான் நெறைய பாத்திருக்கேன்). கணக்கு மார்க்கும் அந்த வாரத்துலதான் இறங்கியிருக்கான்னு பாரு.

அப்பறம் அந்தம்மா. அவங்களும் கம்பெனி வேலைக்கு போறவங்களாத்தான் இருப்பாங்கன்னு நெனைக்கறேன். திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வர்ற ஒரு பொம்பள எட்டரை ஒம்பதுக்கு மேல ஊடு வந்து, பாத்திரம் கழுவலாம்னு டிபன் பாக்ஸை திறந்தா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கட்டிக் குடுத்த சோறு அப்படியே நொசநொசன்னு கெடக்கு. புள்ளையத் திட்ட மனசு வராது, அவ தூங்கியிருப்பா. கம்பெனில யார்கிட்டயும் ஒரு வார்த்தை எதுத்துப் பேச முடியாது. கையில போன் இருக்கு, அதுல உன் பேரு இருக்கு. இதை சொல்றதுனால அவங்க சொன்னது சரின்னு ஆயிறாது. ஆனா அந்த வார்த்தை உன்னை யோசிச்சு, உன்னைக் குறிபாத்து வந்த வார்த்தை இல்லைன்னு தெரிஞ்சா உனக்கு கொஞ்சம் மூச்சு வரும்னுதான் சொல்றேன்.

செய்ய வேண்டியதை சொல்றேன் கேட்டுக்க. குரூப்புல எதுவும் பதில் போடாதே, அங்க ஒரு வரி போட்டா நாப்பத்தொரு பேரும் பஞ்சாயத்துக்கு உக்காந்துருவாங்க. தனியா ஒரே ஒரு மெசேஜ் போடு, "உங்க மெசேஜ் கேட்டேன், பாப்பாவைப் பத்தி நேர்ல பேசணும், என்னைக்கு வர முடியும்"ன்னு. அவங்க ஷிப்டுக்கு லீவு போட்டா அன்னைக்கு கூலி போயிரும், அதனால காலைல புள்ளைய உட வர்ற நேரத்தை கேளு. தனியா பேசாதே, கோஆர்டினேட்டரோ ஹெச்எம்மோ பக்கத்துல இருக்கட்டும். பேச்சை சோத்துல இருந்து ஆரம்பி, நீ மூணு நாளா பக்கத்துல உக்காந்து என்ன பாத்தேங்கறதை சொல்லு. அதுக்கப்பறம் கணக்கு. இது ரெண்டும் முடிஞ்ச பொறவு, குரலை ஒசத்தாம, கண்ணைப் பாத்து, "குரூப்புல என்னோட சொந்த வாழ்க்கையப் பத்தி பேசிட்டீங்க, அது எனக்கு ரொம்ப வேதனையா போச்சு, இனிமே அப்படி பேசக்கூடாதுங்க"ன்னு சொல்லிரு. இந்த வரிய கட்டாயம் சொல்லணும் கண்ணு. புள்ளையப் பத்தி மொதல்ல பேசிட்டதுனால அவங்களால இதை மறுக்க முடியாது. இதை சொல்லாம வந்தா பத்து வருஷம் கழிச்சும் அந்த வாய்ஸ் மெசேஜுக்கு நீ கனவுல பதில் சொல்லிட்டுதான் இருப்பே.

குரூப், போன் விஷயம் ஒண்ணு. கிளாஸ் குரூப்புல அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி செட்டிங் இருக்கு, ஹெச்எம்கிட்ட சொல்லி அதை இன்னைக்கே மாத்தச் சொல்லு. ஹோம்வொர்க், லீவு, பீஸ் தேதி, இதுக்கு அது போதும். புள்ளையப் பத்தின பேச்சு டைரிலயோ போன்லயோ தனியா நடக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல எடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கு உனக்கு உரிமை இருக்கு, நிர்வாகம் இதுக்கு துணை நிக்கலைன்னா தப்பு நிர்வாகத்துது.

வேலைய உடறதைப் பத்தி இப்ப முடிவு பண்ணாதே. அரையாண்டு லீவுல பத்து நாள் நல்லா தூங்கி எந்திரிச்சு, அப்ப யோசி. அதுவரைக்கும் தூக்கம் வரவே இல்லைன்னா, ட்ரீட்மெண்ட் போற உடம்பு வேற, 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022ல ஆரம்பிச்சது, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல, எந்நேரமும் எடுப்பாங்க. உன்ற ஊட்டுக்காரர்கிட்டயும் அந்த மெசேஜை போட்டுக் காட்டு, இதை நீ தனியா சுமக்க வேண்டியதில்ல.

கேள்வி: வணக்கம் அம்மா. பள்ளிபாளையம் பக்கம் நடுநிலைப் பள்ளியில ஆசிரியரா இருக்கேன். தறி ஓட்டற ஒரு அப்பா வந்து "கண்ணை மட்டும் உட்டுட்டு தோலை உரிச்சுருங்க சார்ன்னு சேக்கறப்பவே சொன்னனே, அடிக்க வக்கில்லாத வாத்தியாருக்கு எதுக்கு சம்பளம்"ன்னு எல்லார் முன்னாலயும் கேக்கறாரு. அதே வாரத்துல இன்னொரு பையனை பத்து நிமிஷம் வெளிய நிக்க வெச்சதுக்கு அவங்கம்மா வந்து "எம்பையனை நாய் மாதிரி வாசல்ல நிறுத்தறியா, உன்னை என்ன பண்றேன் பாரு"ன்னு சண்டை. அடிச்சாலும் பேச்சு, அடிக்காட்டியும் பேச்சு. நாங்க என்னதாம்மா பண்றது?

பதில்: தம்பி, ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வெக்காதீங்க.

அந்தம்மா கத்துனது தப்பு, "உன்னை என்ன பண்றேன் பாரு"ன்னு மிரட்டுனது அதைவிட தப்பு. ஆனா புள்ளைய வெளிய நிக்க வெச்சதும் தப்புதான். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறையில இருக்கு, அதோட 17ஆவது பிரிவு உடம்புல அடிக்கறதை மட்டும் தடுக்கல, மனசை நோகடிக்கறதையும் சேத்துத்தான் தடுக்குது, மீறுனா துறை நடவடிக்கைன்னும் சொல்லுது. நாம படிச்ச காலத்துல முட்டி போடறது, வெளிய நிக்கறது எல்லாம் பெரிய விஷயமா தெரியல, நானே ஆரம்பத்துல நிக்க வெச்சிருக்கேன். வாசல்ல நிக்கற புள்ளைக்கு அந்த பத்து நிமிஷப் பாடம் போச்சு, போற வர்ற புள்ளைங்க எல்லாம் பாத்துட்டு போகுது. அதனால அந்தம்மாவை கூப்பிட்டு "நிக்க வெச்சது என் தப்புங்க, இனி பண்ண மாட்டேன்"ன்னு நேரா சொல்லீருங்க. சொன்னா மரியாதை போயிரும்னு நெனைக்கறீங்க, அப்படிப் போறதில்ல. அதோட நிறுத்தாம, "நீங்க மிரட்டுனதும் சரியில்லீங்க, அடுத்த தடவை என்னன்னாலும் ஹெச்எம் ரூம்ல உக்காந்து பேசலாம்"ன்னும் சொல்லுங்க. மறுபடி மிரட்டுனா வாயில பேசாம ஹெச்எம்முக்கு தேதி போட்டு எழுதிக் குடுத்து நகல் வெச்சுக்கங்க.

இனி தறிக்காரர். அவர் பேசுனது உங்களுக்கு அவமானமா இருக்கு, இருக்கத்தான் செய்யும். ஆனா "தோலை உரிச்சுருங்க"ங்கறது நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா அப்பனுங்க வாத்தியார்கிட்ட புள்ளைய ஒப்படைக்கற பேச்சு. எம்புள்ளைய உங்களை நம்பி உடறேங்கறதை சொல்ல அவருக்கு வேற வார்த்தை யாரும் சொல்லிக் குடுக்கல. பையன் கையை மீறிப் போறான்னு உள்ளுக்குள்ள பயம், தறிச் சத்தத்துல பன்னெண்டு மணி நேரம் நிக்கற மனுசனுக்கு அவனை உக்கார வெச்சு நாலு வார்த்தை பேச நேரம் இல்ல, அதையும் சேத்து நீங்களே பண்ணீருங்கன்னு கேக்கறாரு. பண்ண முடியாதுன்னு மட்டும் சொன்னா கோவம்தான் வரும். சட்டப்படி அடிக்கக் கூடாதுங்கன்னு ஒரு தடவை தெளிவா சொல்லிட்டு, கையோட அவருக்கு ஒரு வேலையும் குடுங்க. தறிக்கு லீவு உடற நாள்ல பையன் நோட்டை பொரட்டிப் பாத்து கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்லுங்க. அவருக்கு படிக்கத் தெரியலைன்னாலும் பரவால்ல, எத்தனை பக்கம் எழுதியிருக்கான், எங்க காலியா கெடக்குன்னு பாக்கறதுக்கு படிப்பு எதுக்கு. பையனை வாசிக்கச் சொல்லி பக்கத்துல உக்காந்து கேக்கச் சொல்லுங்க.

அதே சட்டத்துல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும். நெறைய பள்ளிக்கூடத்துல வாய் பேசாதவங்களாப் பாத்து அதுல போட்டு கையெழுத்து மட்டும் வாங்கிக்கறாங்க. சத்தம் போடற அப்பாவைக் கூட்டத்துக்கு கூப்பிடுங்க தம்பி. சத்தம் போடறவருக்கு அக்கறை இருக்குன்னு அர்த்தம், அந்த அக்கறைய கிளாஸ் வாசல்ல கொட்டாம கூட்டத்துல வந்து கொட்டட்டும், பாத்ரூமுக்கு தண்ணி வர்றதில்லைன்னு அவர் ஊராட்சில போய் கத்துனா உங்களுக்கும் நல்லதுதான்.

கேள்வி: ஈரோட்டுல பிளஸ் டூ இயற்பியல் எடுக்கறேன் மேடம். "பேசாம நாமக்கல்ல ஹாஸ்டல்ல போட்டிருந்தா 580 எடுத்திருப்பா, உங்களை நம்பி கெட்டோம்"ன்னு ஒரு அப்பா பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்றாரு. பொண்ணு பக்கத்துலயே நிக்கறா. நான் என்ன சொல்லியிருக்கணும்?

பதில்: அவர் சொன்னதுக்கு அந்த எடத்துல பதிலே வேண்டாம். பொண்ணை மொதல்ல அக்கட்டால அனுப்பியிருக்கணும், "நீ போய் கிளாஸ்ல உக்காரு கண்ணு, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்"ன்னு. 600க்கு எத்தனைன்னு தன்னை எடை போடறதை அந்தப் புள்ள நின்னு கேக்கக் கூடாது, உங்களுக்கு வலிச்சதை விட அவளுக்கு நூறு மடங்கு வலிச்சிருக்கும். அப்பறமா அவளோட காலாண்டு பேப்பரை எடுத்து அவர் கையில குடுத்து, எந்தப் பாடத்துல எந்தக் கணக்குல மார்க்கு போச்சுன்னு காட்டுங்க. பேப்பரைப் பாக்க ஆரம்பிச்சா நாமக்கல் பேச்சு தானா நின்னுரும். ஹாஸ்டல்ல போட்டிருக்கலாமோங்கற வெசனம் அவருக்கு அவர் மேலயே இருக்கற கோவம், பீஸு கட்ட முடியாம போயிருக்கலாம், பொண்ணைப் பிரிய மனசில்லாம இருந்திருக்கலாம், அதை நீங்க தீத்து வெக்க முடியாது.

கேள்வி: அம்மா, நான் பட்டியல் சாதியைச் சேர்ந்த டீச்சர். இந்த வருஷம்தான் இந்த ஊருக்கு மாறுதல்ல வந்தேன். வந்த மொத மாசமே ஒரு அப்பா "டீச்சருக்கு எந்த ஊருங்க, ஊருக்குள்ளயா, அக்கட்டாலயா"ன்னு கேட்டாரு, சிரிச்சுட்டு சொன்னேன். அடுத்த வாரம் அவர் பொண்ணை வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி ஹெச்எம்கிட்ட கேட்டிருக்காரு, "பாடம் சரியில்ல"ன்னு காரணம். அதுக்கப்பறம் இன்னும் மூணு பேரு. இப்ப "கோட்டாவுல வந்தவங்களுக்கு எங்க பாடம் நடத்தத் தெரியுது"ன்னு ஸ்கூல் கேட்டுகிட்ட நின்னு எனக்கு கேக்கற மாதிரியே பேசறாங்க. ஹெச்எம் அனுசரிச்சுப் போங்கங்கறாரு. நான் இன்னும் நல்லா நடத்துனா சரியாகுமான்னு ராத்திரி ராத்திரி பாடக்குறிப்பு எழுதிட்டு இருக்கேன். (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: எழுதறதை நிறுத்தீருங்க அம்மணி. போயி தூங்குங்க.

மேல ஒரு டீச்சருக்கு, பேச்சுல இருக்கற நெசத்தைப் பொறுக்கி எடுன்னு சொன்னேன். உங்களுக்கு அதை சொல்ல மாட்டேன். இதுல பொறுக்க ஒரு மணி நெல்லு கூட இல்ல, முச்சூடும் பதர். உங்க பாடத்தை அவங்க கேக்கவே இல்ல, உங்க தெருவைத்தான் கேட்டாங்க. நீங்க எவ்வளவு நல்லா நடத்துனாலும் இது தீராது, ஏன்னா இது பாடத்தைப் பத்தின புகாரே இல்ல.

இதை வாய்ப் பேச்சா வெக்காதீங்க. என்னைக்கு, எத்தனை மணிக்கு, யார் முன்னால, என்ன வார்த்தை சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல அன்னன்னைக்கே எழுதி வைங்க. ஹெச்எம்முக்கு எழுத்துல குடுங்க, செக்‌ஷன் மாத்தச் சொன்ன நாலு பேரும் பாடத்துல என்ன குறைன்னு எழுதித் தரணும்னு கேளுங்க, உங்க நோட்டும் புள்ளைங்க மார்க்கும் பக்கத்துல இருக்கட்டும். பெத்தவங்க கேட்டாங்கங்கறதுக்காக சாதி பாத்து செக்‌ஷன் மாத்திக் குடுக்கறது அனுசரிக்கறது இல்ல, அந்தத் தீண்டாமைக்கு ரிஜிஸ்டர்ல எடம் போட்டுக் குடுக்கறது. அரசியல் சட்டம் 17ஆவது பிரிவுல தீண்டாமைய ஒழிச்சாச்சு, பொதுவில நாலு பேர் பாக்கற எடத்துல சாதிய வெச்சு வேணும்னே அவமானப்படுத்துனா 1989ஆம் வருஷத்து வன்கொடுமை தடுப்புச் சட்டம் இருக்கு. ஹெச்எம் கண்டுக்கலைன்னா வட்டாரக் கல்வி அலுவலர், அங்கயும் ஆகலைன்னா முதன்மைக் கல்வி அலுவலர். உங்க ஆசிரியர் சங்கத்துல ஒரு ஆளை கூட கூட்டிட்டு போங்க, தனியா போகாதீங்க.

இன்னொண்ணு நான் சொல்லியே ஆகணும். என்கூட வேலை செஞ்ச ஒரு டீச்சருக்கு இதே நடந்துச்சு, அவங்க கொண்டு வந்த பானையில யாரும் தண்ணி மோந்து குடிக்க மாட்டாங்க. எனக்கு தெரியும். நான் ஒரு வார்த்தை பேசல, நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன், அவங்க ஒன்றரை வருஷத்துல மாறுதல் வாங்கிட்டு போயிட்டாங்க. போறப்ப என்கிட்ட மட்டும் சொல்லிட்டு போகல. உங்க ஸ்டாப் ரூம்ல இதைப் படிக்கற டீச்சர் யாராவது இருந்தா, அவங்க நாளைக்கு உங்க பக்கத்துல வந்து உக்காந்து சோத்தைப் பிரிச்சு சாப்பிடணும், ஹெச்எம் ரூமுக்கு நீங்க போறப்ப கூட எந்திரிச்சு வரணும், இதை நான் அவங்களுக்குத்தான் எழுதறேன். எனக்கு செய்ய முடிஞ்சிருக்கும், செய்யல.

கேள்வி: இது டீச்சர் லெட்டர் இல்லீங்க, நான் ஒரு அம்மா. பெருந்துறை. போன மாசம் எம்பொண்ணு கையில கீறலோட வந்தா, என்ன ஏதுன்னு விசாரிக்காம கேட்டுகிட்டயே டீச்சரைப் புடிச்சு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், "உங்களுக்கெல்லாம் புள்ளைங்கன்னா காசுதான"ன்னு கூட சொல்லிட்டேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, பஸ்ஸுல கம்பி கிழிச்சது, டீச்சர்தான் மருந்து போட்டு விட்டிருக்காங்க. இப்ப பொண்ணு டீச்சர் மூஞ்சிய பாக்க கூச்சமா இருக்குன்னு ஸ்கூலுக்கு போக மாட்டேங்கறா. ஸ்வீட் பாக்ஸ் ஒண்ணு குடுத்து அனுப்பட்டுமா?

பதில்: ஸ்வீட் பாக்ஸ் வேண்டாங்க. அதை வாங்கிக்கிட்டா மனசு ஆறல, வாங்காட்டி மறுபடி சங்கட்டம், டீச்சரை அந்த நெலமையில நிறுத்தாதீங்க. நீங்களே போங்க. எந்த எடத்துல நின்னு பேசுனீங்களோ அதே கேட்டுகிட்ட, அன்னைக்கு கேட்டவங்க நாலு பேரு காதுல விழற மாதிரியே சொல்லுங்க, "விசாரிக்காம பேசிட்டனுங்க டீச்சர், காசுன்னு சொன்னது பெரிய தப்புங்க, மருந்து போட்டது நீங்கதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது"ன்னு. "ஆனா அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல, ஊட்டுல பிரச்சனை"ன்னு எதையும் கூட சேக்காதீங்க. அவங்க ஒண்ணும் சொல்லாம தலைய மட்டும் ஆட்டிட்டு உள்ள போயிட்டாலும் கோவிச்சுக்காதீங்க, அவங்களுக்கு ஆர்றதுக்கு நாளாகும். பஸ்ஸுல கம்பி நீட்டிட்டு இருக்கறதையும் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க, நாளைக்கு வேற புள்ளைக்கு கிழிக்கும்.

திங்கக்கெழமை காலைல ப்ரேயர் மணிக்கு கால் மணி நேரம் முன்னாடி போயிருங்க, பொண்ணையும் கையப் புடிச்சு கூட்டிட்டு போங்க. நீங்க சொல்றதை அவ பக்கத்துல நின்னு கேக்கட்டும்.